தூர்த்த நிலத்தில் கட்டுமுன் அடிமண்ணைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாந்தலே, சகாயிங் பகுதிகளைச் சிதைத்த 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை யாங்கோனில் இருந்து படித்தேன். கம்பியும் சிமெண்டும் தரமாக இருந்தால் வீடு தாங்கும், அவற்றில் மிச்சம் பிடித்தால் வீடு விழும் என்பதே அக்கட்டுரையின் சாரம். அது சரியான கருத்து. எனினும் 34 ஆண்டுகள் இந்த ஊரில் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒரு செய்தியை எழுத வேண்டும் என்று தோன்றியது. கம்பியிலும் சிமெண்டிலும் ஒரு குறையும் இல்லாத கட்டடம்கூட, அதைத் தாங்கி நிற்கும் மண் சில நொடிகளுக்குக் குழம்பாகிவிட்டால் அப்படியே சாய்ந்துவிடும் அல்லது புதைந்துவிடும். ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் மணல் கொட்டி மேடாக்கிய நிலத்தில் இந்த ஆபத்து மிக அதிகம். எங்கள் பகுதித் தமிழர்கள் இப்போது எடுக்கவிருக்கும் ஒரு முடிவோடு இது நேரடியாகத் தொடர்புடையது என்பதால்தான் இந்தக் கடிதம்.

பெகு ஆற்றுக்கு மறுகரையில், நம் முன்னோர் சிரியம் என்று அழைத்த தன்லின் வட்டாரத்தில், எங்கள் சமூகத்தார் சேர்ந்து ஒரு திருமண மண்டபமும், அதன் பின்புறம் பிள்ளைகள் தமிழ் படிப்பதற்கு இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடமும் எழுப்ப நிலம் பார்த்து, முன்பணமும் கொடுத்திருக்கிறார்கள். பல குடும்பங்கள் தங்கள் சேமிப்பில் இருந்து தந்த பணம் அது. நல்ல நோக்கம், அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த நிலம் சில ஆண்டுகளுக்கு முன்புவரை நெல் விளைந்த தாழ்வான வயல். ஆற்று மணலைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, குழாய் வழியாகக் கொண்டுவந்து பாய்ச்சி, இரண்டு மீட்டருக்கு மேல் உயர்த்தி, மனைகளாகப் பிரித்து விற்கிறார்கள். விலை மலிவு, சாலைக்கு அருகில் இருக்கிறது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதில்லை என்ற மூன்று காரணங்களும் வாங்குபவரை ஈர்க்கின்றன. அந்த மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று துளையிட்டுப் பார்க்க வேண்டும் என நான் கூட்டத்தில் சொன்னபோது, மணல் ஏற்றிய லாரியே அதன்மேல் தடம் பதியாமல் போகிறது, வெயிலில் பாறைபோல் இறுகிக் கிடக்கிறது, இரண்டு மாடிக்கு எதற்கு இவ்வளவு யோசனை என்று பதில் வந்தது. அப்படிச் சொன்னவர்கள் என் மதிப்பிற்குரியவர்கள். நிலநடுக்கத்தின்போது மண்ணுக்கு நேர்வது என்ன என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை என்றே நினைக்கிறேன்.

அரிசியைப் படியில் அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டியவுடன் படி நிறைந்ததுபோல் தெரியும்; பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால் அரிசி இறங்கி, மேலே இடம் விழும். கொட்டும்போது மணிகள் ஒன்றின்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு, இடையில் வெற்றிடம் விட்டு நின்றன. தட்டியதும் அந்த இடைவெளிகள் அடைந்தன. தளர்வாகக் கொட்டப்பட்ட மணலும் அதே நிலையில்தான் இருக்கிறது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே, மணல் மணிகளுக்கு இடையிலான வெற்றிடம் முழுவதும் தண்ணீரால் நிறைந்திருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. பூமி குலுங்கும்போது மணல் நெருங்கி இறங்கப் பார்க்கும். தண்ணீரோ அந்தச் சில நொடிகளுக்குள் வெளியேற வழியில்லாமல் அகப்பட்டுக்கொள்ளும். அதுவரை மணிகள் ஒன்றையொன்று அழுத்திச் சுமந்துவந்த பாரத்தைத் தண்ணீர் ஏற்கத் தொடங்கும். நீரின் அழுத்தம் ஏற ஏற மணிகளுக்கு இடையிலான பிடிப்பு குறைந்து, கடைசியில் இல்லாமலே போகும். அந்தக் கணத்தில் அது மண்ணாக இருப்பதில்லை, கனமான குழம்பாகிவிடுகிறது. அதன்மேல் நிற்கும் கனமான பொருள் புதையும். உள்ளே புதைத்து வைத்த வெற்றுத் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் மிதந்து மேலே வரும். அருகில் ஆறோ கால்வாயோ இருந்தால் நிலம் மொத்தமாக அந்தப் பக்கம் நகர்ந்து, கரைக்கு இணையாகப் பாளம் பாளமாக வெடிக்கும். அழுத்தம் தாங்காத நீர் மெல்லிய இடங்களைப் பிய்த்துக்கொண்டு மணலோடு கொப்பளிக்கும். பொறியாளர்கள் இதை லிக்விஃபாக்ஷன் என்பார்கள். மண் நீர்மமாதல் என்று தமிழில் சொல்லலாம்.

லாரி தடம் பதியாமல் போவது இதற்கு மறுப்பாகாது. லாரி சோதிப்பது நீர்மட்டத்துக்கு மேலே உள்ள, காய்ந்த மேல்மணலை. நீர்மமாவதோ அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஈரமணல். அசையாத பாரத்தை அது நன்றாகவே தாங்கும். பல ஆண்டுகள் தாங்கிக்கொண்டும் இருக்கும். அதனால்தான் அமைதியான காலத்தில் அந்த நிலத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

என் தந்தையார் பெகுவில் வளர்ந்தவர். 1930 மே 5 அன்று இரவு 8 மணி அளவில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது அவருக்கு 12 வயது. பெகு நகரில் ஏறத்தாழ 500 பேரும், ரங்கூன் என்று அழைக்கப்பட்ட யாங்கோனில் 50 பேர் அளவிலும் மாண்டார்கள். ஷ்வேமோடோ பகோடா இடிந்து விழுந்தது. இவை வரலாற்றில் பதிவானவை. தந்தையார் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று. மறுநாள் காலையில் வயல்வெளிக்குப் போனபோது, கோடையில் காய்ந்து கிடந்த வயலில் வரிசையாகச் சிறு சிறு மேடுகள் இருந்தனவாம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஈரமணல். பெரியவர்கள் பூமிக்குள் இருந்து ஏதோ வெளிவந்துவிட்டது என்று அஞ்சி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லையாம். கட்டட வேலைக்கு வந்து, ஒரு பொறியாளர் மணல் கொப்பளிப்பின் படத்தைக் காட்டிய நாளில்தான் என் தந்தை பார்த்தது என்ன என்று எனக்கு விளங்கியது.

அந்த நிலநடுக்கத்தைத் தந்த சகாயிங் பிளவு வடக்கே இருந்து மாந்தலே, நேப்பிடா, பெகு வழியாகக் கடல்வரை ஏறத்தாழ 1,200 கி.மீ. ஓடுகிறது. யாங்கோனுக்குக் கிழக்கே 40 கி.மீ. அளவிலேயே அது கடந்து செல்கிறது. தன்லின் அதற்கு இன்னும் அருகில் இருக்கிறது. பிளவின் இரு பக்கமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. அளவில் ஒன்றையொன்று உரசி நகரப் பார்க்கின்றன. 2025இல் 7.7 அளவில் வந்த நிலநடுக்கத்தில் 400 கி.மீட்டருக்கும் மேலான நீளத்துக்கு இந்தப் பிளவு கிழிந்தது. ஆனால் பெகுவை ஒட்டிய தெற்குப் பகுதி அதில் கிழியவில்லை. அங்கே 1930 முதல் சேர்ந்துவரும் இறுக்கம் அப்படியே இருக்கிறது. ஆகவே மாந்தலேயில் வந்து முடிந்துவிட்டது, இனி நமக்குக் கவலையில்லை என்று எங்கள் ஊரில் சிலர் பேசுவது தவறு. நாள் குறித்துச் சொல்ல எவராலும் முடியாது. நிலநடுக்கத்தை எதிர்பார்த்தே கட்ட வேண்டிய ஊர் இது என்பதில் ஐயம் இல்லை.

2025 நிலநடுக்கத்தில் ஐராவதிக் கரையோரச் சமவெளியில் பல இடங்களில் தரை வெடித்து மணலும் நீரும் வெளிவந்ததையும், இன்லே ஏரியில் கால்நட்டு நின்ற மரவீடுகள் வரிசையாகச் சரிந்ததையும் படங்களில் பார்த்தோம். மரவீடு இலேசானது, ஆட்டத்துக்கு வளைந்து கொடுப்பது, செங்கல் வீட்டைவிட உயிருக்குப் பாதுகாப்பானது. அந்த வீட்டின் கால்கள் ஊன்றியிருந்த அடிமண் தளர்ந்தபோது அதுவும் நிற்கவில்லை. அந்த நிலநடுக்கத்தின்போதே 1,000 கி.மீ. தொலைவில் பாங்காக்கில் கட்டுமானத்தில் இருந்த 30 மாடிக் கட்டடம் விழுந்ததைப் பலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அங்கே மண் நீர்மமாகவில்லை. பாங்காக்கின் அடியில் உள்ள மென்களிமண் தொலைவில் இருந்து வந்த மெதுவான அலைகளைப் பெருக்கிக் காட்டியது. இரண்டிலும் மண்ணுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது வெவ்வேறு வகையானது. களிமண் அலையைப் பெருக்கும். நீர் நிறைந்த தளர்மணல் குழம்பாகும். எங்கள் நிலத்தில் மேலே கொட்டிய மணலும் அடியில் பழைய வயற்களியும் இருப்பதால், இரண்டையும் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டு அனுபவங்களில் என் மனத்தில் முதலில் நிற்பது ஜப்பானில் உள்ள நீகாட்டா. 1964 ஜூன் 16 அன்று 7.5 அளவில் வந்த நிலநடுக்கத்தில், ஆற்றோர மணலில் நின்ற நான்கு மாடிக் குடியிருப்புகள் சில முழுதாகச் சாய்ந்து படுத்தன. சுவரில் பெரிய விரிசல் இல்லை, தூண் முறியவில்லை. கட்டடம் முழுமையாக இருந்தது, அதன் அடியில் இருந்த மண்தான் இல்லாமல் போனது. கம்பியும் சிமெண்டும் போதும் என்போர் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எங்கள் நிலத்துக்கு இன்னும் நெருக்கமான பாடம் ஜப்பானின் கோபே துறைமுக நகரில் இருக்கிறது. அந்த நகரத்துக்கு இடம் போதாமல், பின்னால் இருந்த மலையை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பட்டையிலும் படகுகளிலும் கொண்டுவந்து கடலில் கொட்டி, 1966 முதல் போர்ட் ஐலண்ட் என்ற தீவையும் பின்னர் ரொக்கோ ஐலண்ட் என்ற தீவையும் உருவாக்கினார்கள். உலகமே வியந்த வேலை அது. கொட்டியது சரளையும் மணலும் கலந்த மலைமண். நுண்மணல்தான் நீர்மமாகும், இப்படிப்பட்ட பருமண்ணுக்கு ஆபத்து குறைவு என்று அக்காலத்தில் நம்பினார்கள். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46க்கு நிலநடுக்கம் வந்தது. போர்ட் ஐலண்டின் பெரும்பகுதி கொப்பளித்த மணலிலும் சேற்றிலும் மூழ்கியது. தரை பல இடங்களில் அரை மீட்டர் அளவு இறங்கியது. கப்பல்கள் கட்டி நின்ற துறைச் சுவர்கள், அவற்றுக்கு அடியிலும் பின்னாலும் இருந்த மண் தளர்ந்ததால், கடலை நோக்கிச் சில இடங்களில் 5 மீட்டர்வரை நகர்ந்துவிட்டன. உலகில் ஆறாவது பெரிய கொள்கலன் துறைமுகமாக இருந்த கோபே, ஏறத்தாழ எல்லாத் துறைகளும் முடங்கியதால் இழந்த இடத்தைப் பின்னர் மீட்கவே இல்லை.

இந்தக் கதையில் பலர் சொல்லாமல் விடும் மறுபாதி ஒன்று உண்டு, எனக்கு அதுவே முக்கியம். அதே போர்ட் ஐலண்டில், அதே மண்ணில், கட்டடம் எழுப்புமுன் அதிரும் கம்பிகளை இறக்கி மணலை நெருக்கிவைத்த இடங்களும், மணல் தூண்கள் இறக்கிப் பாரமேற்றி இறுக்கிவைத்த இடங்களும் இருந்தன. அங்கே தரை மிகக் குறைவாகவே இறங்கியது. சுற்றிலும் சேறாக இருந்தபோதும் அந்தக் கட்டடங்கள் நேராக நின்றன. தூர்த்த நிலம் என்றாலே கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்பதற்கும், அப்படியே கட்டிவிடலாம் என்று சொல்வோரோடு நான் உடன்படாததற்கும் இதுவே காரணம்.

தோக்கியோ வளைகுடாவில் உள்ள உராயாசுவும் இதையே காட்டியது. ஒரு காலத்தில் சிறிய மீனவ ஊர். கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்றைய ஊரின் ஏறத்தாழ முக்கால் பங்கு உண்டானது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின் மையம் அங்கிருந்து 300 கி.மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தும், ஆட்டம் நிமிடக்கணக்கில் நீடித்ததால் தூர்த்த பகுதியில் மண் நீர்மமானது. வீடுகள் இடிந்து விழவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகள் சாய்ந்தன. சாய்ந்த தரையில் படுத்து எழுந்தவர்களுக்குத் தலைச்சுற்றல் வந்ததாகச் செய்திகள் வந்தன. கழிவுநீர்த் தொட்டிகளின் கழுத்து சாலைக்கு மேலே ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக எழும்பி நின்றது. குடிநீரும் கழிவுநீர் வசதியும் வாரக்கணக்கில் இல்லை. பழைய மீனவ ஊர் இருந்த இயற்கை நிலத்தில் அப்படி ஒன்றும் ஆகவில்லை. அதே தூர்த்த கரையில் உள்ள டிஸ்னிலேண்ட் பூங்காவோ, கட்டும்போதே மண்ணை இறுக்கியிருந்ததால் தப்பியது. இறுக்காமல் விட்ட வாகன நிறுத்துமிடத்தில் மணல் கொப்பளித்தது. ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த வேறுபாடு அது.

சான்பிரான்சிஸ்கோவின் மரீனா வட்டாரத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1915 கண்காட்சிக்காகத் தூர்க்கப்பட்ட காயலின்மேல் எழுந்த அந்தக் குடியிருப்பில், 100 கி.மீ. அளவு தொலைவில் வந்த 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் கொப்பளித்த மணலோடு, 1906 நிலநடுக்கத்தை அடுத்த தீயில் எரிந்த வீடுகளின் கரிந்த மரத்துண்டுகளும் வெளியே வந்தன. முன்னோர் புதைத்து மறந்தது 83 ஆண்டுகள் கழித்து நிலத்தின்மேல் வந்து கிடந்தது. 2023 பிப்ரவரியில் துருக்கியின் இஸ்கெந்தருனில், தூர்த்த கரை இறங்கி, கடல் தெருவுக்குள் வந்துவிட்டது. இந்தியாவில் 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் காண்ட்லா துறைமுகத்தில் பைல் அஸ்திவாரத்தின்மேல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்களின்மேல், நின்ற உயரமான கட்டடமும் சாய்ந்தது. பைல் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணும் நண்பர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். பைல் எந்த அடுக்குவரை இறங்குகிறது, நடுவில் நீர்மமாகும் அடுக்கு பக்கவாட்டில் அதைத் தள்ளினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் போடும் பைலுக்குத்தான் பயன் உண்டு.

எங்கள் வட்டாரத்தை மற்ற இடங்களில் இருந்து வேறுபடுத்தும் ஒன்று தண்ணீர். யாங்கோன் கடலில் இருந்து உள்வாங்கி இருந்தாலும், இந்த ஆறுகளில் ஓதம் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பெருக்குக்கும் வற்றத்துக்கும் இடையே 5 மீட்டர் அளவுக்கு வேறுபாடு வரும். மே கடைசியில் தொடங்கி அக்டோபர்வரை கொட்டும் மழையில் நிலத்தடி நீர் தரையைத் தொட்டுக்கொண்டே நிற்கும். நீர்மட்டம் மேலே இருக்க இருக்க, குழம்பாகக்கூடிய மணலின் ஆழம் கூடுகிறது. இந்தோனேசியாவின் பாலு நகரை ஒட்டி 2018 செப்டம்பர் 28 அன்று, கண்ணுக்குச் சமதளம்போல் தெரிந்த மிகச் சிறிய சரிவிலேயே ஊர்கள் மொத்தமாக நகர்ந்து புதைந்தன. நெல்வயல்களுக்கு நீர் கொண்டுவந்த பாசனக் கால்வாய் நிலத்தடி நீரை உயர்த்தி வைத்திருந்ததை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். நெல்வயலைத் தூர்த்து, அதைச் சுற்றி இன்னும் நெல் விளைந்துகொண்டிருக்கும் எங்கள் மனைக்கு இது தொடர்பில்லாத செய்தி அல்ல. வறண்ட மார்ச் மாதத்தில் பார்த்துவிட்டு நிலம் கெட்டியாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பையும் பதிவுசெய்ய வேண்டும். மணல் கொட்டி மூன்று மழை கண்டுவிட்டது, அதனால் இறங்க வேண்டியது இறங்கியிருக்கும் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவர் சொல்வது அடியில் உள்ள களிமண்ணுக்கு ஓரளவு பொருந்தும். பாரம் ஏறியதும் களிமண் மெதுவாக நீரைக் கக்கி, ஆண்டுக்கணக்கில் அமுங்கும். நான் வேலைபார்த்த காலத்தில் ஒரு தூர்த்த மனையில் நாங்கள் எழுப்பிய மதில், நிலநடுக்கம் எதுவும் இல்லாமலே இரண்டாம் ஆண்டில் நடுவில் குழிந்து விரிசல் விட்டது. அது களிமண் அமுங்கியதால் வந்தது. மண்ணைச் சோதிக்காமல் கட்ட ஒப்புக்கொண்டதில் என் பங்கும் உண்டு, அந்த வீட்டுக்காரரின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஆனால் மணல் அப்படி அமுங்குவதில்லை. நீரோடு பாய்ச்சிக் கொட்டிய மணல், மழையால் மட்டும் இறுகிவிடாது. அது இறுகுவதற்குக் குலுக்கல் வேண்டும். அந்தக் குலுக்கலை நாம் கருவி வைத்து முன்கூட்டியே கொடுக்கலாம். நாம் கொடுக்காவிட்டால் பூமி ஒருநாள் கொடுக்கும், அப்போது மேலே நம் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

சோதனை என்பது பெரிய மர்மமும் அல்ல. மூன்று இடங்களில் 20 மீட்டர் ஆழம்வரை துளையிட்டு, ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் மண்மாதிரி எடுத்து, 63.5 கிலோ சம்மட்டியை 76 செ.மீ. உயரத்தில் இருந்து விழவிட்டு, குழாய் கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். நீருக்குக் கீழே உள்ள மணலில் அந்த எண்ணிக்கை 10க்கும் குறைவாக வந்தால் மணல் தளர்வாக இருக்கிறது என்று பொருள். நீர்மட்டம் எங்கே, மணல் எந்த ஆழத்தில், மணிகள் ஒரே பருமனா, களி எவ்வளவு கலந்திருக்கிறது என்பவை தெரிந்துவிட்டால், ஒரு மண்ணியல் பொறியாளர் இங்கே வரக்கூடிய ஆட்டத்துக்கு இந்த மண் தாங்குமா என்று கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். மியன்மாரின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் மண்ணுக்கும் அஸ்திவாரத்துக்கும் தனிப் பகுதி இருக்கிறது; நாங்கள் கேட்பது விதிக்கு மேலான ஒன்று அல்ல.

முடிவு சாதகமாக வந்தால் நான் மகிழ்ச்சியோடு முதல் கல்லை எடுத்துக் கொடுப்பேன். பாதகமாக வந்தாலும் வழிகள் உண்டு. கனமான எடையை உயரத்தில் இருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு மணலை இறுக்கலாம். சரளைத் தூண்கள் இறக்கி, ஆட்டத்தின்போது நீர் தப்பிச் செல்ல வழி வைக்கலாம். தனித்தனித் தூண் அஸ்திவாரத்துக்குப் பதிலாகக் கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே கான்கிரீட் பலகையாக அஸ்திவாரம் போடலாம். கடைசியில் சொன்னது மண்ணை மாற்றாது, ஆனால் கட்டடம் துண்டுபடாமல் ஒன்றாகச் சாயவிட்டு உயிர்களைக் காக்கும். கழிவுநீர், குடிநீர்க் குழாய்களின் இணைப்புகளை வளைந்து கொடுக்கும் வகையில் அமைப்பது செலவு குறைந்தது, எந்த நிலையிலும் செய்யத்தக்கது. இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்றும் இருக்கிறது. தன்லின் மேட்டில், தூர்க்கப்படாத கெட்டியான செம்புரைக்கல் நிலம் இருக்கிறது. அங்கே மனை சிறியதாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். ஆனால் தூர்த்த நிலத்தை இறுக்கும் செலவையும் கூட்டிப் பார்த்தால் வேறுபாடு அவ்வளவு இருக்காது. வகுப்பறையை மேட்டிலும், மண்டபத்துக்கு எளிய கூரையை இந்த மனையிலும் அமைப்பது பற்றியாவது சமூகத்தார் பேச வேண்டும் என்பது என் கருத்து. மண்டபத்தில் ஆண்டில் சில நாட்கள் கூடுவோம். வகுப்பறையில் பிள்ளைகள் வாரம் முழுவதும் இருப்பார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். யாங்கோனைச் சுற்றி மட்டும் அல்ல, தமிழர் வாழும் கடலோர ஊர்கள் பலவற்றிலும் ஏரியையும் கழிமுகத்தையும் தூர்த்து மனை போடும் வழக்கம் இருக்கிறது. ஒரு மண்ணியல் பொறியாளரைக் கொண்டு, மனை வாங்குபவர் விற்பவரிடம் என்னென்ன கேட்க வேண்டும், துளைச் சோதனை அறிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்று எளிய தமிழில் ஒரு கட்டுரை எழுதச் செய்து வெளியிட்டால், அதை நகலெடுத்து எங்கள் கூட்டத்தில் கொடுப்பேன். என் சொல்லைவிட அச்சில் வந்த சொல்லுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

அடுத்த கூட்டத்தில் பூமி பூஜைக்கு நாள் குறிக்க இருக்கிறார்கள். அதற்குமுன் துளைச் சோதனைக்கு நாள் குறிக்குமாறு எழுத்தில் கேட்டிருக்கிறேன். அதற்கான செலவில் ஒரு துளையின் செலவை நானே ஏற்பதாகவும் தெரிவித்திருக்கிறேன். மே கடைசியில் பருவமழை இறங்கிவிட்டால் துளையிடும் இயந்திரத்தை ஏற்றிய வண்டி அந்த மனைக்குப் போகும் மண்சாலையில் நகராது. பிறகு நவம்பர்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தை மழைக்கு முன்பாகவே வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
தன்லின், யாங்கோன்.